மூடாத ஹோரா

செவஸ்தியா எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தாள். ஒரு புருஷன், மூன்று பிள்ளைகள், இரண்டு பசு, வேத்யா ஆற்றோரம் கொஞ்சம் சோளக்காடு. எங்கள் மிரோஷெனி கிராமத்தில் எல்லோருக்கும் இருப்பதுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால் அவளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஊர் பசுவையும் சோளத்தையும் சொல்லாது. "ஒத்தையா ஹோரா ஆடினாளே, அவதானே?" என்று கேட்டுச் சிரிக்கும். அப்படிச் சிரிப்பவர்களில் பாதிப் பேரைப் பெற்றவர்கள் பிற்பாடு அவள் கையைப் பிடித்து ஆடியவர்கள்தான். அது மட்டும் ஊருக்கு வசதியாக மறந்துவிடும்.

ஹோரா எங்களுக்கு இரண்டு. ஒன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் சாராயக்கடை முன்னால் மைதானத்தில் பையன்களும் பெண்களும் கைகோத்து ஆடுகிற வட்ட ஆட்டம். இன்னொன்று வானத்தில் இருக்கிறது. கோடையில் இருட்டத் தொடங்கும்போது அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஏழு நட்சத்திரங்கள் கைகோத்து நிற்கும். ஒன்று பளிச்சென்று தெரியும், மற்றதெல்லாம் மங்கல். வட்டம் முழு வட்டமில்லை. ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். அதற்கும் நாங்கள் வைத்த பெயர் ஹோராதான். புக்கரெஸ்டில் படித்துவிட்டு வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், புத்தகத்தில் அதற்குக் கிரீடம் என்று போட்டிருப்பதாகச் சொன்னார். "பின்பக்கம் இல்லாத கிரீடத்தை எந்த ராஜா சார் தலையில வைப்பான்? குனிஞ்சா விழுந்துடாது?" என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். வாத்தியார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

அந்த வட்டம் ஏன் திறந்து கிடக்கிறது என்பதற்கும் ஊரில் ஒரு விளக்கம் இருந்தது. வயசுக்கு வந்த மகளை வாசலுக்குக் கூட்டிவந்து அம்மாக்கள் காட்டுவார்கள். "அந்த ஓட்டை தெரியுதா? அங்க ஒருத்தி நின்னா. கூப்பிட்ட பையனோட ஆடமாட்டேன்னு திமிரா சொன்னா. துரத்திவிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அவ எங்க போனான்னு தெரியாது." பெண்கள் பயந்து தலையாட்டுவார்கள். செவஸ்தியாவும் பதினைந்து வயதில் தலையாட்டியவள்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் அவளுக்குப் பதினேழு. ஈஸ்டருக்கு மறுநாள் அவளை முதல் முதலாக ஹோராவுக்கு அழைத்து வந்தார்கள். ஜூன் மாதக் கடைசியில், பீட்டர் திருநாளன்று, அவளை வெளியே அனுப்பினார்கள். மொத்தமே மூன்று மாதம்கூட இல்லை.

அனுப்பியவன் ஊர்த்தலைவர் மகன் திரகோமிர். எங்கள் பையன்கள் பிடித்த பெண்ணைப் பார்த்து லேசாகத் தலையை அசைப்பார்கள், அவள் வந்து கையைக் கொடுப்பாள். திரகோமிருக்குத் தலையசைக்கவும் சோம்பல் போல. வாயில் இருந்த சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டு, வட்டத்தில் பெண்களோடு கைகோத்து நின்ற செவஸ்தியாவைப் பார்த்து, நாயைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு சீழ்க்கை அடித்தான்.

செவஸ்தியா அசையவில்லை.

"ஏய், உன்னைத்தான்."

"என் பேர் தெரியும்ல? அதைச் சொல்லிக் கூப்பிடு. இல்ல, மத்தவங்க மாதிரி தலையை அசை."

"வரப்போறியா இல்லையா?"

"வரல."

திரகோமிர் பிடில்காரர் ஃபனீக்காவின் தொப்பிக்குள் ஒரு காசை எறிந்தான். "மார்ச் வாசி" என்றான்.

அதுதான் எங்கள் வழக்கம். ஆட மறுத்த பெண்ணுக்கு மார்ச் வாசிக்கச் சொல்லலாம். சிப்பாய்கள் நடக்கிற தாளம் கேட்டதும் ஆட்டம் நின்றுவிடும். அவள் தனியாக மைதானத்தை விட்டு வீட்டுக்கு நடக்க வேண்டும், வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே வாசல் வரை பின்னால் போவார்கள். வேலிக்கு வேலி ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதன் பிறகு மார்ச் வாசிக்கச் சொன்னவனே மனமிரங்கிக் கையைப் பிடித்து அழைத்து வந்தால் மட்டும்தான் அவள் மறுபடி ஹோராவுக்குள் வர முடியும். ஹோராவில் இல்லாத பெண்ணை எவனும் பெண் கேட்டு வரமாட்டான். இப்படி ஒரு வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நிச்சயம் ஆண்கள், அதிலும் ஆடத் தெரியாத ஆண்கள்.

செவஸ்தியா அழாமல் நடந்தாள். மைதானத்தின் ஓரத்தில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தின் இரு பக்கமும் நின்ற பெண்கள் அதற்குள் கைகோத்துவிட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பௌனா, சின்ன வயதிலிருந்து அவளோடு ஒரே தட்டில் சோளக்களி தின்றவள். பத்து அடிகூட வைத்திருக்கமாட்டாள், வட்டம் மூடிவிட்டது. மார்ச்சைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

அவள் அப்பா ஸ்பிரிதோன் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். யுத்தத்தில் இடது காலில் குண்டு பட்டு, தாங்கித் தாங்கி நடப்பவர். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போய் அவன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு."

"நான் என்னப்பா தப்புப் பண்ணினேன்?"

"தப்பா சரியான்னா கேட்டேன்? ஹோராவுல உன்னைப் பாக்கணும். அவ்வளவுதான். திமித்ரியே திருநாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீ ஹோராவுல இல்லன்னா, ரொஷியோரில சேணம் தைக்கிற அந்த ஆள் கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்துடுவேன்."

"அவருக்கு நாலு பிள்ளை இருக்குப்பா. மூத்தது என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னது."

"மார்ச் வாங்கின பொண்ணுக்கு வேற யாரு வருவான்?" என்று கேட்டுவிட்டு, தன் கேள்வி தனக்கே பிடிக்காதவர் போல எழுந்து வெளியே போனார்.

திமித்ரியே திருநாள் அக்டோபர் கடைசியில் வரும், ஆக அவளுக்கு இருந்தது நாலு மாதம். திரகோமிரிடம் போவதில்லை என்பதில் ஒற்றைக்காலில் நின்றாள். சேணக்காரரிடமும் போவதில்லை. மூன்றாவது வழி என்ன என்று அவளுக்கே தெரியாது.

ஒரு சாயங்காலம் பால் கறந்து எடுத்து வரும்போது அம்மா வாசலில் நின்று வானத்தைக் காட்டினாள். வெளிச்சம் முழுசாகப் போகவில்லை, ஹோரா அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஊர் சிரிக்கிறது பத்தாதுன்னு அங்கயும் உன் கதைதான். பாரு, ஓட்டையை."

செவஸ்தியா பால் வாளியைக் கீழே வைத்தாள். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, அவளைத் துரத்தியிருந்தா அந்த இடத்தை ஏன் மூடல?"

"என்னது?"

"என்னைத் துரத்தினதும் எவ்வளவு நேரத்துல மூடினாங்க தெரியுமா? நான் பத்து அடி வைக்கல. வேண்டாம்னு அனுப்பினவளோட இடத்தை யாராச்சும் காலியா வச்சிருப்பாங்களா? மேல இருக்கிற இவங்க வச்சிருக்காங்க. எத்தனை காலமோ, இன்னிக்கு வரைக்கும் மூடல."

"அதுக்கு?"

"இது துரத்தினதால வந்த ஓட்டை இல்லம்மா. யாரோ வரணும்னு விட்டு வச்ச இடம்."

அம்மா பால் வாளியைத் தூக்கிக்கொண்டாள். "பால் ஆறுது, உள்ள வா" என்றாள். ஆனால் அன்று முதல் அந்த வீட்டில் யாரும் ஓட்டையைக் காட்டிப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செவஸ்தியா ஆடுகிற உடுப்பையே போட்டுக்கொண்டாள். பூவேலை செய்த சட்டை, சிவப்புப் பாவாடை, முத்துமாலை. ஹோரா பொழுது சாய்கிற வரைதான் நடக்கும். மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பினால் பெண்கள் பால் கறக்க ஓடுவார்கள், பையன்கள் சாராயக்கடைக்குள் போவார்கள், வாத்தியக்காரர்கள் பிடிலைத் துணியில் சுற்றுவார்கள். அதற்குப் பிறகு மைதானம் யாருடையதும் இல்லை. வாத்துகள்தான் நடக்கும். வீட்டில் பாலைக் கறந்து வைத்துவிட்டு, அந்த நேரத்தில் அவள் போனாள்.

மைதானத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள், இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற மாதிரி. வாயால் பாட்டுப் பாடிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். வலப்பக்கம் மூன்று அடி, இடப்பக்கம் ஓர் அடி.

சாராயக்கடை ஜன்னலில் தலைகள் முளைத்தன.

"யாரோட ஆடுற செவஸ்தியா? மாப்பிள்ளை கண்ணுக்குத் தெரியாத ஆளா?"

"கையை மெதுவாப் பிடி, அவனுக்கு வலிக்கப் போகுது!"

அவளுக்குக் காது நுனி வரை எரிந்தது. ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. பாட்டு முடிகிற வரை ஆடினாள், கையை இறக்கினாள், வீட்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தாள். நாக்கில் நரம்பில்லாமல் ஊர் பேசியது. பாதிரியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அகம்பாவத்தைப் பற்றிப் பேசி, மூன்று தடவை அவள் பக்கம் பார்த்தார். அவளும் அவரை நேராகப் பார்த்தாள்.

நான்காவது ஞாயிறு ஒரு கை வந்து அவள் இடது கையைப் பிடித்தது. பார்த்தால் மித்ரானா. முப்பது வயது, புருஷன் நிமோனியாவில் போய் ஆறு வருஷம். எங்கள் ஊரில் விதவைகள் ஹோராவுக்கு வருவதில்லை, வேலியோரம் நின்று விதை கொறிப்பார்கள்.

"அக்கா, உங்களையும் சேர்த்துப் பேசுவாங்களே."

"பேசட்டும்டி. ஆறு வருஷமா வேலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வேலிக்கு ஆடத் தெரியாது."

பௌனா வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. ஓரத்தில் நின்று அழுதாள். "அன்னிக்கு நான்தான் முதல்ல கையை நீட்டி மூடினேன். பழக்கம்டி. கை தானா போச்சு" என்றாள்.

செவஸ்தியாவுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அதை மறைக்கவும் இல்லை. "எனக்குத் தெரியும். நான் பாத்தேன்" என்றாள். பிறகு வலது கையை நீட்டினாள். "இப்பவும் தானா வருதான்னு பாப்போம்."

வந்தது. மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கைகோத்தால் வளைந்த கோடுதான் வரும். கடைசிப் பக்கம் திறந்திருக்கும். பௌனா பழக்கத்தில் மித்ரானாவின் மறு கையைப் பிடித்து வட்டத்தை மூடப் போனாள்.

"மூடாதே" என்றாள் செவஸ்தியா. "மேல பாரு. அது மாதிரி இருக்கணும். அடுத்து வர்றவ தயங்கி நிக்கக் கூடாது, கையைத் தட்டிப் பிரிச்சுக்கிட்டு நுழையக் கூடாது. இடம் அங்க தயாரா இருக்கணும்."

அந்தத் திறந்த பக்கம் வேலை செய்தது. மூடிய வட்டத்துக்குள் நுழையத் துணியாதவர்கள்கூடத் திறந்த முனையில் வந்து தொற்றிக்கொண்டார்கள். வேறு ஊர்ப் பையனோடு பேசியதற்காக மார்ச் வாங்கிய ஒருத்தி வந்தாள். அம்மைத் தழும்பு முகத்தோடு எந்தப் பையனும் தலையசைக்காமல் மூன்று வருஷம் நின்ற ஒருத்தி வந்தாள். செப்டம்பர் எட்டு, மேரி மாதா பிறந்த திருநாளுக்குள் ஏழு பேர். அதற்குப் பிறகு பகல் ஹோராவில் ஆடுகிற பெண்களே, "பால் கறக்கணும்" என்று சீக்கிரமே நழுவி, கறந்த கையோடு இங்கே வர ஆரம்பித்தார்கள். பையன்கள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிரோஷெனி மாடுகள் அந்த வருஷம் போல சரியான நேரத்துக்கு எப்போதும் கறக்கப்பட்டதில்லை.

திரகோமிருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் ஃபனீக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"இவளுங்களுக்கு மார்ச் வாசி. எல்லாருக்கும்."

ஃபனீக்கா பிடிலைத் தோளில் வைத்தார். அப்புறம் எதையோ யோசித்தவராக இறக்கினார்.

"வாசிக்கிறேன் தம்பி, காசு வாங்கிட்டேன், வாசிக்காம என்ன? ஒண்ணு மட்டும் சொல்லு. மார்ச் வாசிச்சா இவங்க எங்கேயிருந்து வெளிய போகணும்? இவங்க ஏற்கெனவே வெளியதானே நிக்கிறாங்க?"

சாராயக்கடை ஜன்னலில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். திரகோமிரின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை நாள் செவஸ்தியாவைப் பார்த்துச் சிரித்த ஜன்னல் அது.

ஆனாலும் அப்பாவின் கெடு அப்படியே இருந்தது. "அது ஹோரா இல்ல. பொம்பளைங்க இருட்டுல பண்ற கூத்து" என்று அவர் ஒரே பிடிவாதமாகச் சொன்னார். திமித்ரியே திருநாள் வந்தது. வானத்து ஹோரா உச்சியை விட்டு மேற்கே சரிந்திருந்தது. சேணக்காரர் காலையிலேயே வண்டி கட்டி வந்து, ஒரு புட்டி பிளம் சாராயத்தோடு அவர்கள் வீட்டில் உட்கார்ந்தார். பாவம், அவரும் கெட்டவர் இல்லை. செவஸ்தியா அவருக்குச் சூப்பு ஊற்றி வைத்தாள், "நல்லாச் சாப்பிடுங்க, தூரம் போகணும்ல" என்றாள், பொழுது சாயும்போது ஆட்ட உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அப்பா.

"ஹோராவுக்கு. பாக்கணும்னு சொன்னீங்களே, வந்து பாருங்க."

எங்கள் பக்கம் திமித்ரியே நாளோடு கூலி ஒப்பந்தமெல்லாம் முடியும். இடையன் கோலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவான். வாத்தியக்காரர்கள் பையன்களுக்கு வாசிக்கிற கடமையும் அன்று பொழுதோடு தீரும். சூரியன் விழுந்ததும் ஃபனீக்கா பிடிலைத் துணியில் சுற்றவில்லை. நேராகச் செவஸ்தியாவிடம் வந்தார். "இப்ப நான் யாருக்கும் ஆள் இல்ல. என்ன வாசிக்கணும் தாயி?" என்றார். மைதானத்தில் முதல் முறையாக அவர்களுக்குப் பாட்டு பிடிலிலிருந்து வந்தது. பத்தொன்பது பெண்கள். பிடில் சத்தம் கேட்டு வீட்டுக்குப் போன பையன்களும் திரும்பி வந்து, மரியாதையாக மறு முனையில் ஒட்டிக்கொண்டார்கள்.

ஸ்பிரிதோன் தாங்கித் தாங்கி வந்து நிற்கும்போது ஊரே அங்கே இருந்தது. அவர் வந்ததைத் திரகோமிரும் பார்த்தான். அவனுக்குக் கணக்குத் தெரியும். அப்பன் முன்னால் இவன் கையைப் பிடித்து அழைத்தால் மார்ச் நீங்கிவிடும், சேணக்காரர் போய்விடுவார், ஊர் இவனைப் பெரிய மனசுக்காரன் என்று சொல்லும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, செவஸ்தியா நின்ற முனையில், திறந்திருந்த இடத்துக்கு எதிரில் வந்து கையை நீட்டினான்.

"செவஸ்தியா, வா. மன்னிச்சுட்டேன். உள்ள கூட்டிட்டுப் போறேன்."

பிடில் நின்றது. அந்தக் கையைப் பிடித்தால் போதும், எல்லாம் முடிந்தது. அவள் அம்மா கூட்டத்திலிருந்து, "பிடிச்சுடுடி" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"எங்கே கூட்டிட்டுப் போற?" என்றாள் செவஸ்தியா. "நான் உள்ளதான் இருக்கேன். நீதான் வெளிய நிக்கிற."

யாரும் சிரிக்கவில்லை.

"மன்னிக்கிற வேலை உன்னுது இல்ல. நீ கேட்டா நான் யோசிப்பேன். இடம் இருக்கு, உனக்கும் சேர்த்துத்தான் திறந்து வச்சிருக்கோம். ஆனா நீ என் கையைப் பிடிச்சு உள்ள வரணும்னா, கேட்டுட்டுத்தான் வரணும்."

திரகோமிரின் கை அந்தரத்தில் நின்றது. கையை இறக்கினான். ஆனால் போகவும் இல்லை, அங்கேயே நின்றான்.

பௌனா சீறினாள். "மூடிடலாம்டி. கையைக் குடு, மூடிடலாம். நின்னு வேடிக்கை பாக்கட்டும்."

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

அப்போது ஸ்பிரிதோன் நடக்க ஆரம்பித்தார். மைதானத்தின் அத்தனை தூரத்தையும் அந்தக் காலோடு கடந்து வந்தார். யுத்தத்துக்குப் போவதற்கு முன்னால் ஆடியவர், பதினெட்டு வருஷமாக ஹோராவில் கால் வைக்காதவர். திரகோமிரைத் தாண்டி, திறந்திருந்த இடத்துக்குள் நுழைந்தார்.

"ஹோராவுல உன்னைப் பாக்கணும்னு சொன்னேன்ல? பாத்துட்டேன்" என்றார். "சேணக்கார ஆள்கிட்ட நான் பேசிக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லு, இந்தக் காலுக்கு இடம் நிறைய வேணும்."

அவள் தள்ளி நின்றாள். பக்கத்தில் நின்றவள் தள்ளினாள், அதற்கு அடுத்தவளும் தள்ளினாள், வளைவு முழுவதும் ஓர் ஆள் அகலம் நகர்ந்தது. ஃபனீக்கா பிடிலை எடுத்து, வழக்கமான வேகத்தில் பாதி வேகத்துக்குத் தாளத்தை இறக்கினார். வலப்பக்கம் மூன்று அடி, இடப்பக்கம் ஓர் அடி. ஸ்பிரிதோனின் இடது கால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தியே வந்தது. அந்தக் கால் வந்து சேரும் வரை மொத்த ஹோராவும் காத்திருந்து, பிறகு அடுத்த அடியை எடுத்து வைத்தது.